பட்டுப்புடவையும் மாறிக்கொண்டே இருக்கும் பிளவுஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல பட்டுப்புடவை பீரோவில் முப்பது வருடம் இருக்கும். பிளவுஸ் டிசைன் மூன்று வருடத்தில் அலுத்துவிடும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே அவசரத்தில் முடிவு செய்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே ஒரு கணக்கை வைத்துச் சொன்னவை. பிரித்துத் திரும்பத் தைக்கக்கூடிய இடத்தில் எந்தப் புதுமையையும் முயன்று பார்க்கலாம். நெய்து முடித்த பிறகு மாற்றவே முடியாத இடத்தில் நிதானம் வேண்டும்.

ஒரு டிசைன் நிலைக்குமா, சீசனோடு போய்விடுமா என்று கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

புதுமை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கட்டம், வைர ஊசி, பாலும் பழமும், கோபுரக் கரை, ருத்ராட்சம், அன்னம், மயில் சக்கரம், மல்லி மொக்கு இவையெல்லாம் தலைமுறை தாண்டி வந்தவை. இவற்றின் அளவும் நிறமும் மாறும், உரு மாறாது. இவற்றில் ஒன்றைப் புது நிறத்தில் நெய்திருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

பட்டின்மேல் டிஜிட்டல் பிரிண்ட், முந்தானை முழுக்க உருவப்படம், புடவையின் உடல் பகுதியில் ஒட்டிய கல், சீரியல் பேரோ சினிமாப் பேரோ வைத்து விற்கும் ரகம் ஆகியவற்றை அந்த வருடத்துப் புடவையாக மட்டும் நினைத்து, அதற்கேற்ற விலைக்குள் வாங்குங்கள். பேர் வைத்த புடவையில் ஒரு சின்னச் சோதனை உண்டு. அந்தப் பேரைச் சொல்லாமல் அதே புடவையை அதே விலைக்கு எடுத்துக் காட்டியிருந்தால் வாங்கியிருப்பீர்களா?

கரை அகலத்தையும் கவனியுங்கள். 2 முதல் 4 இன்ச் கரை எப்போதும் கட்டலாம். முழங்கால் வரை ஏறும் பெரிய கரையும், கரையே இல்லாத புடவையும் மாறிமாறி வந்து போகிறவை. உயரம் 5 அடி 2 இன்ச்சுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரிய கரை, மடிப்புப் பகுதியைப் பாதியாக வெட்டிக் காட்டும். அது ஃபேஷனில் இருக்கும்போதும் அப்படித்தான் தெரியும்.

பேஸ்டல் நிறப் பட்டு வாங்கலாமா? கொஞ்ச வருடத்தில் பழசாகிவிடாதா?

வாங்கலாம், ஆனால் வெளிர்நிறம் எல்லாம் ஒன்றல்ல. பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்று நெய்த டபுள் ஷேட் வெளிர்நிறத்துக்கு ஆழம் இருக்கும். மடிப்பில் ஒரு நிறமும் விரிப்பில் ஒரு நிறமும் காட்டும். ஒரே நிறத்தில் நெய்த வெளிர் பீச்சோ மின்ட்டோ அப்படியில்லை. கல்யாண வீட்டுச் சந்தனம், குங்குமம், வியர்வை எல்லாவற்றையும் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். போட்டோவில் வெள்ளை எல்இடி வெளிச்சம் பட்டால் நிறமே இல்லாததுபோலப் போய்விடும்.

கடைக்குள் எரியும் விளக்கை நம்ப வேண்டாம். புடவையை வாசல்வரை எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று கேளுங்கள், நல்ல கடையில் மறுக்கமாட்டார்கள். முந்தானையைத் தோளில் போட்டு, சரிகை முகத்தின் பக்கம் வரும்படி வைத்துப் பாருங்கள். வெளிர் உடலில் பொன் சரிகை கரைந்துவிடுகிறதா, தனியாகத் தெரிகிறதா என்பது அப்போதுதான் புரியும்.

நிறத்தில் புதுமையைக் கண்டு பயப்பட வேண்டியதும் இல்லை. இன்று நிலையான நிறமாகச் சொல்லும் எம்.எஸ். ப்ளூவும் ஒரு காலத்தில் புதிதாக வந்த நீலம்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி மேடையில் உடுத்தி அதற்குப் பேர் வந்தது.

முகூர்த்தத்துக்குப் பெண் வெளிர்நிறம் கேட்கிறாள், பெரியவர்கள் அரக்குதான் என்கிறார்கள்.

முகூர்த்தப் புடவையைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுங்கள், ரிசப்ஷனை அவளுக்கு விடுங்கள். இது வெறும் சமாதானப் பேச்சு இல்லை. காலை வெளிச்சத்திலும் ஹோமப் புகையிலும் மஞ்சள்-குங்குமத்துக்கு நடுவிலும் அரக்கு தாங்கும், வெளிர்நிறம் தாங்காது. மாலையில் ஒழுங்கான வெளிச்சத்தில் வெளிர்நிறம் எடுபடும். ஒரே புடவைதான் என்றால் அரக்கு உடலில் வழக்கமான பச்சைக்குப் பதிலாக வெளிர் ரோஜா நிறக் கரையோ, தங்க டிஷ்யூ (சரிகை இழையோடும் மெல்லிய நெசவு) முந்தானையோ தேடலாம்.

அதிக விலை கொடுத்து எடுக்கும் காஞ்சிபுரம் பட்டில் எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருந்தால், பழைய முறையில் இரண்டுக்கும் தனித்தனி நாடா (தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓட்டி, சேரும் இடத்தில் ஊடையைக் கோத்து நெய்வார்கள். இதற்குத் தறியில் நெசவாளியோடு இன்னொருவரும் உட்கார வேண்டியிருப்பதால் கூலி ஏறும். அதைத் தவிர்க்க, உடலின் ஊடையையே கரை வழியாகவும் ஓட்டிவிடுவது இப்போது அதிகம். கண்டுபிடிக்கும் வழி: கரையில் சரிகை இல்லாத வெறும் பட்டுப் பகுதியைத் தேடி உற்றுப் பாருங்கள். பச்சைக் கரையில் உடலின் அரக்கு கலந்து கலங்கலாகத் தெரிந்தால் ஊடை ஒன்றேதான். பச்சை சுத்தப் பச்சையாக இருந்தால் கோர்வை. அப்படியே புடவையைத் திருப்பி, சேரும் கோட்டை விரலால் வருடினால் இரண்டு ஊடையும் பின்னிக்கொண்ட சிறு முடிச்சுகள்போன்ற சொரசொரப்பு தெரியும். கரையையும் உடலையும் கோணலாக மெல்ல இழுத்துப் பாருங்கள். கோட்டில் இடைவெளி திறந்தால் நெசவு தளர்வு, நாலு முறை கட்டியதும் அங்கேதான் விடும்.

அடுத்தது பேட்னி, அதாவது உடலின் பாவோடு முந்தானையின் வேறு நிறப் பாவைச் சேர்க்கும் வேலை. சேரும் இடம் ஒரு மெல்லிய பட்டையாக, கைக்குச் சற்றுத் தடிப்பாகத் தட்டுப்படும்.

பட்டுக்கு சில்க் மார்க் பாருங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த முத்திரை அது. ஆனால் அது பட்டு அசல் என்பதற்கு மட்டும்தான் பொறுப்பு, சரிகைக்கு இல்லை. அசல் சரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம் பூசியது. டெஸ்டட் சரிகையில் செம்புதான் அடிப்படை. அதற்குக் கீழே பாலியெஸ்டர் சரிகை. அசல் என்பதற்கு, சுரண்டினால் சிவப்பு நூல் தெரிகிறது என்று காட்டுவார்கள். சாய நூலை எதன்மேலும் சுற்றலாம் என்பதால் அது மட்டும் சாட்சியாகாது. எக்ஸ்ரே முறையில் உலோக அளவைக் காட்டும் கருவி உள்ள இடத்தில் சோதித்து, பில்லில் சரிகை ரகத்தை எழுதி வாங்குங்கள்.

டெஸ்டட் சரிகைப் புடவை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. எடை குறைவு, விலை குறைவு, கட்ட எளிது. அசல் சரிகை விலையில் அதை வாங்குவதுதான் மோசம்.

சாஃப்ட் சில்க் வாங்குவது சரியா?

வருடத்தில் பல தடவை கட்டுகிறவர்களுக்கு மிகச் சரி. கனமான முகூர்த்தப் பட்டு முக்கால் கிலோவைத் தொடும். சாஃப்ட் சில்க் அதில் பாதிதான் இருக்கும். ஒன்றே ஒன்று, அதற்குக் கனமான ஆரி (கொக்கி ஊசியால் மணி, கல், நூல் வைத்துப் போடும் கை வேலை) பிளவுஸ் போடாதீர்கள். மெல்லிய முந்தானை பிளவுஸின் வேலையைச் சுமக்காமல் தோளில் சுருண்டு நிற்கும்.

புடவையோடு வரும் பிளவுஸ் பிட்டை உடனே வெட்டித் தைத்துவிடலாமா?

அவசரம் வேண்டாம். அந்த பிட்டுக்கு ஈடான துணி பிறகு எங்கேயும் கிடைக்காது. அந்த வருடம் எல்லாரும் போடும் கையையும் கழுத்தையும் அதில் தைத்துவிட்டால் தீர்ந்தது. ஃபேஷன் பிளவுஸைத் தனியாக வாங்கிய ரா சில்க்கிலோ டிஷ்யூவிலோ தையுங்கள். புடவையின் பிட்டில் முழங்கை வரைக்கும் கை, சாதாரண வட்டக் கழுத்து அல்லது பாட் நெக் (பானை வடிவக் கழுத்து), இவ்வளவு போதும். பத்து வருடம் கழித்தும் அது கூச்சமில்லாமல் போடலாம்.

பிட்டை வெட்டாமல் புடவையோடே விட்டுவைப்பதிலும் ஒரு தொந்தரவு இருக்கிறது. புடவை 5.5 மீட்டர், பிட் 80 சென்டிமீட்டர் என்றால் இடுப்பில் 6.3 மீட்டரையும் செருக வேண்டியிருக்கும், வயிற்றுப் பக்கம் தடித்துப்போகும். வெட்டி, ஓரத்தை பிகோ அடித்து, அதே புடவைப் பையில் வைத்துவிடுங்கள்.

பஃப் கை, முழுக்கை எல்லாம் 80 சென்டிமீட்டரில் வருமா?

பெரும்பாலும் வராது. காரணம் துணியின் மொத்த அளவு மட்டும் அல்ல, கரை. பிட்டில் கரை ஒரு பக்கம்தான் இருக்கிறது, அது கையின் ஓரத்தில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சென்டிமீட்டர் நீளக் கரையை இரண்டு கைக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 40, அதாவது 16 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. தையலுக்கும் பிறகு பிரிக்க விடும் மார்ஜினுக்கும் 2 இன்ச் போக, மீதி கிட்டத்தட்ட 13.7 இன்ச்தான். கை சுற்றளவு 13-க்கு மேல் இருப்பவர்களுக்கு முழங்கைக் கையே இறுக்கிப் பிடிக்கும். டெய்லர் என்ன செய்வார்? அக்குளில் ஒட்டுப் போடுவார். சொல்லிவிட்டுப் போட்டால் தப்பில்லை.

பஃப் கைக்கு மேல்பகுதியில் ஒன்றரை மடங்கு அகலம் வேண்டும். கரையைத் தனிப் பட்டையாக வெட்டிக் கீழே வைத்து, மேலே உடல் துணியில் சுருக்கம் எடுப்பதுதான் வழி. முழுக்கைக்கும் பஃப்புக்கும் 1 முதல் 1.2 மீட்டர் துணியாக எடுங்கள். பட்டு விறைப்பான துணி என்பதால் பஃப் தானாகவே நிற்கும். உள்ளே கேன்வாஸ் வைத்து இன்னும் தூக்கினால் தோள் அகலமாகி, அந்த வருடத்துப் போட்டோவில் அப்படியே நின்றுவிடும்.

போட் நெக் (தோள்வரை அகன்ற படகு வடிவக் கழுத்து), டீப் பேக் (ஆழமான பின்கழுத்து) போட்டால் தோள் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

முன்கழுத்தும் பின்கழுத்தும் இரண்டுமே அகலமாகவும் ஆழமாகவும் இருந்தால் தோள் துணியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பின்னால் 9, 10 இன்ச் இறக்கினால் முன்னால் 6-க்கு மேல் போகக் கூடாது. கழுத்து அகலத்தையும் வழக்கத்தைவிட அரை இன்ச் குறைக்க வேண்டும். பின்னால் மேலே கட்டும் கயிறு வெறும் அழகுக்கு இல்லை, தோளைப் பிடிப்பதே அதுதான். அது கழுத்துத் தையலிலிருந்து 2 இன்ச்சுக்குள் ஆரம்பிக்கட்டும், கீழே இறங்கினால் பலன் இல்லை.

போட் நெக்கில் தோளில் ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச்சாவது துணி நிற்க வேண்டும். முன்னால் ஹூக் வைத்த போட் நெக் உட்கார்ந்ததும் நடுவில் வாய் திறக்கும். திறப்பைப் பின்னால் வையுங்கள். நகையையும் முதலிலேயே யோசியுங்கள். அட்டிகையோ நெக்லஸோ போட் நெக்கில் துணிமேல் ஏறி உட்காரும். நீள ஆரம் மட்டும் போடுகிறவர்களுக்கு அது பொருத்தம்.

பிரின்சஸ் கட், பேட் வைத்த பிளவுஸ், பழைய கிராஸ் கட். எதைத் தைப்பது?

உடல் அமைப்புக்கு எது பொருந்துகிறதோ அது. ஆனால் பல வருடம் போடப்போகும் பட்டு பிளவுஸ் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பிரின்சஸ் கட்டில் மார்பின்மேல் நீளமாகப் போகும் தையலில் மார்ஜினை நறுக்கி ஓவர்லாக் அடித்துவிடுவார்கள். உடம்பு போட்டால் பக்கவாட்டில் மட்டும்தான் பிரிக்க முடியும். வயிறு சரியாகி மார்பு இறுக்கும், அல்லது அந்த நீளத் தையல் இடம் மாறி நிற்கும். டக் (கூம்பாக மடித்துத் தைப்பது) பிடித்த சாதாரண கட்டிலும், துணியைக் கோணலாக வைத்து வெட்டும் கிராஸ் கட்டிலும் இந்தத் தொல்லை குறைவு.

எந்தக் கட்டாக இருந்தாலும் டெய்லரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை: பக்கத் தையலில் முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் 1.5 இன்ச் மார்ஜின். கையில் ஒவ்வொரு பக்கமும் 1 இன்ச். லைனிங்கும் சேர்ந்தே அந்த மார்ஜினோடு இருக்க வேண்டும், இதைத்தான் மறப்பார்கள். இப்படி விட்டால் பிறகு சுற்றளவில் சுமார் 4 இன்ச் வரை தளர்த்தலாம். காட்டன் லைனிங்கை இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, மேல்பட்டு உப்பிக்கொண்டு நிற்கும்.

பேடை உள்ளே வைத்து முழுக்கத் தைக்காமல் நாலு மூலையில் மட்டும் கைத்தையல் போட்டால், துவைக்கும்முன் எடுத்துவிடலாம். ஃபோம் மஞ்சளாகி மடங்கிப்போனாலும் பிளவுஸ் தப்பிக்கும்.

ஆரி வேலை இன்னும் எத்தனை வருடம் ஓடும்? எவ்வளவு செய்யலாம்?

கை வேலை போகாது, அதன் அளவு குறையும். கை முழுக்க மாப்பிள்ளை-பெண் உருவம், பேர், தேதி எழுதியவை கல்யாணத்துக்குப் பிறகு பீரோவைவிட்டு வெளியே வருவதில்லை. புடவைக் கரையில் இருக்கும் ஒரே ஒரு உருவை எடுத்து, அன்னமோ ருத்ராட்சமோ, அதைச் சிறியதாகக் கையோரத்திலும் பின்கழுத்திலும் போட்டால் எப்போதும் போடலாம்.

துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, வெட்டுவதற்கு முன்பே வேலை நடக்கும். அதனால் டெய்லர் போட்டுத்தரும் மார்க்கிங் தப்பினால் எல்லாம் தப்பும். பழைய அளவு பிளவுஸைக் கொடுத்து மார்க் பண்ணச் சொல்லாதீர்கள், உடம்பில் புதிதாக அளவெடுங்கள். கழுத்து வேலை, முடிந்த ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே தள்ளி ஆரம்பிக்கட்டும். தையல் ஊசி மணிமேல் ஏறினால் மணி உடையும், நூல் விடும். கையில் வேலையைச் சுற்றிலும் கொண்டுபோகாமல் அக்குள் பக்கம் இருபுறமும் 1.5 இன்ச் வெறுமையாக விடுங்கள். பிரித்துத் தளர்த்த வழி இருக்கும், இடுப்புப் பக்கத் துணியையும் உரசாது.

அதிகம் பேர் யோசிக்காத இடம் இடது தோள். முந்தானை அங்கேதான் உட்காருகிறது, வேலை வெளியே தெரியப்போவதில்லை. புடவையின் பின்பக்கம் புட்டாவுக்குப் புட்டா (நெய்த சிறு பூ உரு) தாவும் சரிகை இழைகள் அங்குள்ள கல்லில் மாட்டி இழுபடும். ஒரு மாலை கட்டியதிலேயே முந்தானையில் இழை தொங்குவதற்குக் காரணம் இதுதான். இடது தோளில் நூல் வேலை மட்டும் போடச் சொல்லுங்கள். கல் வேண்டுமென்றால் பின்கழுத்து நடுவிலும் வலது கையிலும் வைக்கலாம். ஒட்டிய கல்லைவிடத் தைத்த கல் மேல், ஒட்டியவை டிரைவாஷில் உதிரும்.

இன்னொரு வழி: வேலையைத் தனித் துணியில் பேட்ச்சாகச் செய்து பிளவுஸ்மேல் தைப்பது. அலுத்தால் பிரித்து வேறு நிற பிளவுஸில் வைக்கலாம்.

குஞ்சத்தில் புதுசுபுதுசாக வருகிறது. புடவைக்குக் கெடுதலா?

புதுமை காட்ட இது நல்ல இடம். குரோஷே, மணி, பட்டு உருண்டை எது வேண்டுமானாலும் போடுங்கள். கெடுதல் ஒரு இடத்தில்தான் வரும். முந்தானை முடிவில் நெய்யாமல் விட்ட பாவு நூலை, குஞ்சம் போடுபவர் ஒட்ட வெட்டிவிட்டு ஓரத்தை மடித்துத் தைத்தால், பிறகு அந்தக் குஞ்சத்தை எடுக்கும்போது ஊடை அவிழ ஆரம்பிக்கும். பாவு நூலை முதலில் முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டு, அதன்மேல் வேலை செய்யச் சொல்லுங்கள். சாஃப்ட் சில்க்குக்கு மணிக் குஞ்சம் வேண்டாம், எடை முந்தானையைக் கீழே இழுக்கும்.

முன்கூட்டியே மடிப்பு வைத்துத் தேய்த்து (ப்ரீ-ப்ளீட்) பெட்டி மடிப்பில் தருகிறார்களே, பட்டுக்கு நல்லதா?

விசேஷத்துக்கு முந்தின நாள் செய்வதென்றால் நல்லதுதான். காலையில் அரை மணி நேரம் மிச்சம், மடிப்பும் ஒழுங்கு. முந்தானையில் 5 முதல் 7 மடிப்பு, ஒவ்வொன்றும் 4 முதல் 5 இன்ச். இடுப்பில் உங்கள் சுற்றளவைப் பொறுத்து 5 முதல் 7. கொடுக்கும்போது இடுப்புச் சுற்றளவு, தோளிலிருந்து முந்தானை எதுவரை இறங்க வேண்டும், செருப்பின் குதி உயரம் மூன்றையும் சொல்லுங்கள். குதி உயரம் சொல்லாமல் விட்டால் அன்று காலையில் புடவை கணுக்காலில் நிற்கும், மடிப்பைக் கலைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும்.

சூடுதான் ஆபத்து. பாலியெஸ்டர் சரிகை அதிகச் சூட்டில் சுருண்டுவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. மெல்லிய காட்டன் துணியை மேலே போட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஸ்டீமர் தண்ணீர் சொட்டினால் பட்டில் வட்டமாகத் தடம் விழும். கட்டி முடித்த பிறகு அதே மடிப்பில் பீரோவில் வைப்பது மிகப் பெரிய தவறு. அழுத்தித் தேய்த்த மடிப்புக்கோட்டில்தான் பட்டு பிறகு கிழியும். ஊக்கெல்லாம் எடுத்து, ஒரு நாள் காற்றாட விட்டு, வேறு வாகில் மடித்து மல் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். நாப்தலீன் உருண்டை சரிகையில் படக் கூடாது. சென்ட்டைப் புடவைமேல் அடிக்காதீர்கள்.

சாரி ஷேப்பர், இடுப்பு பெல்ட்?

பாவாடைக்குப் பதிலாக உள்ளே போடும் இறுக்கமான எலாஸ்டிக் உடைதான் ஷேப்பர். அது சாஃப்ட் சில்க்குக்கும் ஜார்ஜெட்டுக்கும் சரி. கனமான பட்டில் எலாஸ்டிக் மடிப்பைத் தாங்காது. ஒரு மணி நேரத்தில் மடிப்பு சரிந்து கீழே இறங்கும். நாடா வைத்த காட்டன் பாவாடைதான் பட்டுக்குப் பிடிமானம். ஷேப்பரே வேண்டுமென்றால் நாடாவும் சேர்ந்த ரகம், பக்கத்தில் வெட்டுள்ளது பாருங்கள். இல்லாவிட்டால் மண்டபப் படி ஏற முடியாது.

பெல்ட், அழகான பெரிய முந்தானையை இடுப்பில் அமுக்கிவிடுகிறது. கனத்த சரிகை முந்தானைக்கு அது தேவையே இல்லை. பிளெயின் புடவைக்குப் போட்டுப் பாருங்கள்.

கல்யாணத்தில் குடும்பம் முழுக்க ஒரே தீம் கலர் என்கிறார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுப் புடவை வாங்க முடியுமா?

தேவையில்லை. தீம் நிறம் பிளவுஸில் வந்தால் போதும், தூரத்திலிருந்து எடுக்கும் குரூப் போட்டோவில் அதுவே எடுபடும். இருக்கும் புடவையில் அந்த நிறம் கரையிலோ புட்டாவிலோ கட்டத்திலோ எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே நிறத்தில் ஒரு ரா சில்க் பிளவுஸ் தையுங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 18,000 ரூபாய்ப் புடவையை வருடம் மூன்று முறை, பன்னிரண்டு வருடம் கட்டினால் ஒரு தடவைக்கு 500. தீமுக்காக வாங்கிய 4,000 ரூபாய்ப் புடவையை இரண்டு தடவை கட்டினால் தடவைக்கு 2,000.

எத்தனை பிளவுஸ் இருந்தால் எல்லாப் புடவைக்கும் சமாளிக்கலாம்?

அரக்கு ரா சில்க், பழந்தங்க நிற டிஷ்யூ அல்லது புரோகேட், கரும்பச்சை, காட்டன் புடவைகளுக்காக ஒரு கலம்காரி அல்லது இக்கத். இந்த நாலும் நன்றாகப் பொருந்தும்படி தைத்தால் முக்கால்வாசிப் புடவைகள் அடங்கிவிடும். ஐந்தாவதை உங்கள் ஆசைக்கு விடுங்கள், அதில் எந்த ஃபேஷனை வேண்டுமானாலும் முயலலாம்.

கான்ட்ராஸ்ட் பொருந்துகிறதா என்று சந்தேகம் வந்தால், புடவையையும் பிளவுஸ் துணியையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு-வெள்ளையாகப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நேரிலும் ஒன்றோடொன்று மோதும். ஒன்று கறுப்பாகவும் ஒன்று வெளுப்பாகவும் தெரிந்தால் தாராளமாகத் தைக்கலாம்.

ஆபீஸுக்குக் காட்டன் கட்டுகிறேன், பழமையாகத் தெரியாமல் இருக்க என்ன செய்வது?

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கி, 2023-இல் பெற்ற நெகமம் காட்டன், மதுரைச் சுங்குடி எல்லாம் ஏற்கெனவே ஆபீஸுக்கு ஏற்ற புடவைகள்தான். கஞ்சி விறைப்பைக் குறைத்து, காலர் வைத்த பிளவுஸோ முழங்கை பிளெயின் பிளவுஸோ போட்டால் தோற்றமே மாறும். உயரமானவர்கள் அகலத்தை அளந்து வாங்குங்கள். கைத்தறியில் 45 இன்ச்சும் வரும், 48-உம் வரும். 5 அடி 6 இன்ச் உயரமும் குதிச் செருப்பும் என்றால் 48 வேண்டும்.

ஆண்களுக்கு?

வேட்டியில் மாறுவது கரையும் அதற்கு மேட்சாகப் போடும் சட்டையும்தான். 1 இன்ச் கரையுள்ள எட்டு முழ வெள்ளை வேட்டி ஒன்றும், சடங்குக்கு மயில்கண் கரை போட்ட ஒன்பது-ஐந்தும் (ஒன்பது முழ வேட்டி, ஐந்து முழ அங்கவஸ்திரம்) வைத்துக்கொண்டு, நிறத்தைச் சட்டையில் காட்டினால் போதும். கலர்க் கரைக்கு அதே கலர்ச் சட்டை என்று செட்டாக வாங்கினால், சட்டை இறுகிப்போன அன்று வேட்டியும் வீண். ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ வேட்டி பழக்கமில்லாதவர்களுக்கு நிம்மதி. ஆனால் பஞ்சகச்சத்துக்கு உதவாது. வேட்டி கட்டி வந்தவரை கிளப்புக்குள் விடமாட்டோம் என்ற வழக்கத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2014-இல் சட்டமே வந்துவிட்டது. எங்கே கட்டலாம் என்ற தயக்கமும் வேண்டாம்.

அம்மாவின் பழைய பட்டை வெட்டி லெஹங்கா, அனார்கலி தைக்கலாமா?

முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக்கோடுகளில் ஊசித் துளைகள்போல ஒளி தெரிகிறதா? இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே துணியைப் பிடித்து மெல்ல இழுங்கள். இழை நகர்ந்தால் எந்த உடையும் தைக்க முடியாது, தையல் போட்ட இடத்திலேயே கிழியும். அப்படிப்பட்ட புடவையில் முந்தானையையும் கரையையும் மட்டும் எடுத்து, புதுத் துணிமேல் வைத்து பிளவுஸோ மேல்துண்டோ செய்யலாம்.

துணி திடமாக இருந்தால் வெட்டாமலே பாவாடை தைக்கலாம். புடவையின் அகலமே பாவாடையின் உயரம். 3.5 மீட்டர்வரை இடுப்பில் மடிப்பாகச் சுருக்கி, உள்ளே லைனிங் கொடுத்து, அதிக உயரத்தை இடுப்புப் பக்கம் உள்ளே மடித்துத் தைத்தால் போதும். முந்தானைப் பக்கம் மீதி 2 மீட்டர் துணியையும் வெட்டாமல் லைனிங்குக்கு மேலே இரண்டாவது சுற்றாக விட்டுவிடலாம். விசேஷம் முடிந்ததும் தையலைப் பிரித்தால் திரும்பப் புடவை. கலி (மேலே குறுகி கீழே விரியும் துண்டு) வெட்டிய லெஹங்காவுக்கும் அனார்கலிக்கும் இந்த வசதி கிடையாது. கோர்வைப் புடவையில் கலி வெட்டினால் கரைக்கோடு ஒவ்வொரு துண்டிலும் கோணலாக ஏறி இறங்கும், எவ்வளவு நல்ல டெய்லராலும் நேர்செய்ய முடியாது.

பழைய பட்டுப்புடவை வாங்குகிறேன் என்று வருபவர்களிடம் கொடுக்கலாமா?

அவர்கள் வாங்குவது சரிகைக்குள் இருக்கும் வெள்ளியை. புடவையை எரித்து அதைப் பிரித்தெடுப்பார்கள். கிழிந்து எதற்கும் உதவாத அசல் சரிகைப் புடவை என்றால் கொடுப்பதில் தவறில்லை. புடவைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல், சரிகையைக் கருவியில் சோதித்து, எடை போட்டு, அன்றைய வெள்ளி விலையை வைத்துப் பேசுங்கள். துணி இன்னும் திடமாக இருந்து சரிகை மட்டும் கறுத்திருந்தால், விற்கும்முன் பாலிஷ் போட்டு ரோலிங் (உருளையில் ஓட்டித் தேய்ப்பது) செய்து தருபவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நிறம் பழசானதுதான் குறை என்றால் அது குறையே இல்லை, மேலே சொன்ன நாலு பிளவுஸில் ஒன்றைப் போட்டுக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.